மாலுமிக் கோவிலின் வரலாறு: முதலில் சட்டை, பிறகு ஆதாரம்

காலை மணி 10.20. திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் மாடி. படியேறியதும் நான் முதலில் பார்த்தது, நீள மேசையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்த நீலத் துணிகளில் ஒரே ஆளின் முகம், ஏறக்குறைய நூறு முறை. தொப்பி இருந்தது. காது இருந்தது. கண், மூக்கு, மீசை எதுவும் இல்லை.

“கறுப்பு ஸ்கிரீன் கடைசியாத்தானுங்க போடுவோம்,” என்றார் யூனிட் முதலாளி மூர்த்தி. “அதுவரைக்கும் கேப்டனுக்குக் கண்ணு தொறக்காதுங்க.”

“யாருங்க இந்தக் கேப்டன்?”

“அது தெரியலீங்க. பார்ட்டி குடுத்த படமுங்க. நமக்குக் கலர் மேட்ச் ஆனாப் போதும்.”

மேசையில் கிடந்தவை இன்னும் தைக்காத சட்டைகளின் முதுகுத் துண்டுகள். முகத்துக்குக் கீழே ஓர் ஆங்கிலப் பெயர், அதற்கும் கீழே வெள்ளை எழுத்தில் நான்கு வரிகள். நடுக்கடலில் புயலில் சிக்கிய கேப்டன், உயிர் பிழைத்தால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். கரை சேர்ந்ததும் தன் கப்பலின் பாய்மரத்தையே உத்தரமாக வைத்து இந்தக் கோவிலைக் கட்டினார். நான் அங்கே போனது அந்தக் கோவிலின் வரலாற்றை எழுதுவதற்காக. வரலாறு ஏற்கெனவே அச்சாகிக்கொண்டிருந்தது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம். போன மாதம் பழைய அலுவலகத்துக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த நிருபர் ஒருவர் கைபேசியில் ஒரு கோவிலின் பெயரைத் தட்டினார். நான் டீயை ஆற்றுவதற்குள் தல வரலாறு வந்துவிட்டது. மன்னர், கனவு, பால் சொரிந்த பசு, எதிலும் குறையில்லை. “நீங்கள்லாம் இதையெல்லாம் எப்படி சார் சரிபார்த்தீங்க?” என்று கேட்டார். ஒரு டீக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் வேலைக்கு வந்த கதை சிறியது. பனியன் கம்பெனிக்குப் போகப் பிடிக்காதவன் அன்றைய திருப்பூரில் ஒன்று வாத்தியாராக வேண்டும், இல்லாவிட்டால் நிருபராக வேண்டும். வாத்தியார் வேலைக்கு இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

எங்கள் செய்தி ஆசிரியர் தண்டபாணி கோவையில் உட்கார்ந்திருப்பார். நான் சேரும்போதும் அவர்தான், ஓய்வு பெறும்போதும் அவர்தான். நடுவில் அவருக்கு எத்தனை முறை பணி நீட்டிப்பு கொடுத்தார்கள் என்பது நிர்வாகத்துக்கே மறந்துவிட்டது. குரலை உயர்த்த மாட்டார். பாராட்ட மாட்டார். போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார், “யார் பார்த்தது?” என்பார்.

அவருக்கு ஒரு முறை உண்டு. செய்தி எழுதிய தாளின் பின்பக்கத்தில் இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டம் போட வேண்டும்: பார்த்தது, படித்தது, கேட்டது. முன்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு தகவலும் பின்பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பார்த்ததையும் படித்ததையும் நேராக எழுதலாம். கேட்டது மட்டும்தான் என்றால் வாக்கியம் ‘என்கிறார்கள்’ என்று முடிய வேண்டும். எந்தக் கட்டத்திலும் உட்காராத தகவல் இருந்தால் அவர் அதை அடிக்க மாட்டார். தாளை அப்படியே மடித்து, திருப்பூர் பஸ் டிரைவர் கையில் கொடுத்து எனக்கே திருப்பி அனுப்புவார். என் முதல் வருடத்தில் அந்த வழித்தட டிரைவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

அவிநாசித் தேரோட்டத்துக்கு ‘லட்சக்கணக்கான பக்தர்கள்’ என்று எழுதியதற்கு, “ஒவ்வொருத்தரா வந்தாங்களா, மொத்தமாவா?” என்று கேட்டார். மறுவருடம் ‘ரத வீதியில் கால் வைக்க இடமில்லை’ என்று எழுதினேன். அது பார்த்தது. இன்னொரு முறை வீரபாண்டிப் பக்கம் கரும்புகையைப் பார்த்த ஒருவர் போன் செய்ய, நான் சைக்கிளை எடுக்கச் சோம்பல்பட்டு, சாயப்பட்டறையில் தீ விபத்து என்று கொடுத்துவிட்டேன். பாய்லர் பற்ற வைத்த புகை அது. தினமும் காலையில் வருவது. மறுநாள் திருத்தத்தை என் கையாலேயே எழுத வைத்தார். ‘வீரபாண்டியில் நேற்று முன்தினம் தீ விபத்து எதுவும் நடக்கவில்லை.’ நான் எழுதியதிலேயே மறுக்க முடியாத செய்தி அதுதான் என்று அலுவலகத்தில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

இனி அந்தக் கோவில். தெற்கே ஒரு துறைமுக நகரம். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் பலர் அருள்புரத்தில் இருக்கிறார்கள், எனக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலைகள் உண்டு. வெள்ளைக்காரனின் கடற்படைக்காரர்கள் கும்பிடுவதற்காக எழுந்த சர்ச் அது. உள்ளூரில் மாலுமிக் கோவில் என்பார்கள். அதற்கு ஆண்டு விழா வந்தது. அருள்புரத்தில் இருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் பத்திரிகையில் நான்கு பக்கச் சிறப்பிதழுக்கு விளம்பரம் கொடுத்தார்கள். விளம்பரங்களுக்கு நடுவே ஏதாவது இருக்க வேண்டும் என்பதால் வரலாறு தேவைப்பட்டது.

ஏற்பாடு எல்லாம் செல்வின். மூர்த்தியின் யூனிட்டில் குவாலிட்டி மேனேஜர்; ஊர்க்காரர் சங்கத்துக்குச் செயலாளர். திருப்பூரில் எந்த விழாவாக இருந்தாலும் முதலில் பனியன்; படம் போட்ட டி-ஷர்ட்டுக்கும் இங்கே அதுதான் பெயர். கும்பாபிஷேகமோ ரத்ததான முகாமோ கபடிப் போட்டியோ, பந்தலுக்குச் சொல்வதற்கு முன்பே துணி வெட்டிவிடுவார்கள். செல்வினும் அப்படியே செய்திருந்தார்.

“இந்தக் கதை எங்கிருந்து கிடைச்சுது?” என்றேன்.

“சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல கேட்டது சார். கொஞ்சம் அங்க இங்க டிங்கரிங் பாத்தேன். ஐயர் அப்ரூவல் குடுத்துட்டாரு.”

அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவப் போதகரை ஐயர் என்பார்கள். இதை என் மனைவிக்கு விளக்க ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் ஆனது.

“முகம்?”

“நெட்டுல கேப்டன்னு போட்டேன். மூணாவதா வந்தவர் நல்லா இருந்தாரு.”

கீழே செக்கிங் மேசை. அச்சில் பிசிறோ பொட்டோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங் வழக்கம். ஒரு பெண் ஒரு துண்டைத் தனியே எடுத்து ஸ்டிக்கர் ஒட்டினார். அம்பு ‘கேப்டன்’ என்ற சொல்லைக் காட்டியது. அச்சு சுத்தமாகத்தான் இருந்தது.

“எஸ்தர், அது டிஃபெக்ட் இல்ல,” என்றார் செல்வின்.

“தப்பு எங்க இருந்தாலும் ஒட்டணும்னு மீட்டிங்ல நீங்கதானண்ணே சொன்னீங்க?”

“பிரிண்டுல உள்ள தப்பச் சொன்னேன்.”

“இதுவும் பிரிண்டுலதான இருக்கு.”

செல்வின் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எஸ்தர் என்னிடம் திரும்பினார். அவருடைய அப்பா சாமுவேல் அந்தக் கோவிலின் கோயில்குட்டி. கோவிலைக் கூட்டி, மணியடித்து, சாவியை வைத்திருப்பவருக்கு அங்கே அதுதான் பெயர். மனைவி இறந்த பிறகு வாசலை ஒட்டிய பழைய அறையில் தனியாக இருந்தார்.

“அந்த ரூம இடிச்சிட்டு கேப்டனுக்கு நினைவு வளைவு கட்டப் போறாங்களாம் சார். நான் அந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் பொறந்தேன். கேப்டன்னு ஒருத்தர் இருந்ததா யாரும் சொன்னது கெடையாது. இந்தத் துணியிலதான் மொதத் தடவ பாக்கேன். நீங்கதான எழுதப் போறீங்க? உள்ளத எழுதுங்க.”

“உள்ளது உங்கப்பாவுக்கு எதிரா இருந்துதுன்னா?”

“அப்பவும் எழுதுங்க. ஸ்டிக்கர் ஒட்டுத ஆளு இது யாரு பீஸுன்னு பாக்கக் கூடாது.”

மறுவாரம் போனேன். துறைமுகச் சாலைக்கும் உப்புக் கிடங்குகளுக்கும் நடுவே கோவில். தடித்த சுவர், உயரம் குறைந்த கோபுரம், அதில் ஒரு கப்பல் மணி. சுவரெல்லாம் இறந்த மாலுமிகளின் பெயர்ப் பலகைகள். போரில் செத்தவர் என்று ஒருவரைக்கூட நான் காணவில்லை. காய்ச்சல், வாந்திபேதி, ஒருவர் படியில் விழுந்து. எந்தப் படி, எதனால் விழுந்தார் என்று பலகையில் இல்லை.

ஐயர் நல்ல மனிதர். முப்பது வயது தாண்டியிருக்காது. அப்ரூவல் பற்றிக் கேட்டேன்.

“நான் ஓகே போட்டது கலருக்கு சார். மூணு நீலம் அனுப்பியிருந்தாங்க. நடுவுல உள்ளது நல்லா இருந்துச்சு.”

“எழுத்தைப் படிக்கலையா?”

“போட்டோ தலகீழா இருந்துச்சு.”

திருப்பூரில் ஒரு வேலைக்கு ஓகே வந்துவிட்டால், எதற்கு வந்தது என்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. கேட்டால் ஷிப்மெண்ட் தள்ளிப்போகும். ஐயரின் ஓகே, நீலத்தோடு சேர்த்துப் புயலையும் நேர்ச்சையையும் பாய்மரத்தையும் கரையேற்றிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. வளைவுக்கு என்ன ஆதாரம் என்று கோவில் கமிட்டியின் தலைவரைக் கேட்டேன். உரக்கடை வைத்திருப்பவர். முதல் சாம்பிளாக வந்த பனியனை அலமாரியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினார்.

“இதுலயே போட்டிருக்காங்களே சார். திருப்பூர்க்காரங்க விசாரிக்காமலா அடிப்பாங்க?”

பழைய பதிவேடுகள் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தன. சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து, மை பழுப்பேறியிருந்தது. நானும் ஐயரும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தோம். ஒரு வரி புரிந்தால் அவர் டீ சொல்வார். நிறைய டீ குடிக்கவில்லை.

பதிவேடு சொன்னது இது. முதலில் கோவிலே இல்லை. கரையில் இறங்கிய கடற்படைக்காரர்கள், கப்பல் பாய்களைச் சுருட்டி வைக்கும் கிடங்கு ஒன்றில் ஞாயிறு ஜெபம் நடத்தினார்கள். கிணற்றுக்கு முன்னால், வாசலை ஒட்டி, உத்தரத்தில் ஏழு இரும்புக் கொக்கிகள் உள்ள அறை என்று அடையாளம் எழுதியிருக்கிறது. ஈரப் பாய்களைத் தொங்கவிடுவதற்கான கொக்கிகள். பல வருடம் கழித்துத்தான் பக்கத்தில் கோவில் எழுந்தது. கட்டியவர்கள் கப்பல் தச்சர்களும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்காரர்களும். எழுந்த பிறகு யார் எங்கே உட்காருவது என்று சண்டை வந்து, அதிகாரிகளுக்கு முன் பெஞ்சு, மாலுமிகளுக்குப் பின்னால் நிற்க இடம், உள்ளூர்க்காரர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் என்று முடிவானது. அதை எழுத மட்டும் பதிவேட்டில் ஒரு முழுப் பக்கம் செலவாகியிருக்கிறது.

சட்டையில் இருந்த கேப்டனின் பெயரையும் தேடினோம். இருந்தது, ஒரே ஓர் இடத்தில். ஆராதனை நேரத்தில் கோவில் சுவரை ஒட்டிச் சேவல்கட்டு நடத்தியதற்காகக் கண்டிக்கப்பட்டவர்கள் பட்டியலில், இரண்டாவதாக.

ஐயர் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு டீ சொன்னார்.

கடைசிப் பக்கத்தில், கடற்படை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய நாளின் குறிப்பு. பெஞ்சுகள், கிண்ணம், மணி என்று விட்டுச் சென்றவற்றின் பட்டியல். அதன் கீழே: ‘சாவி மணியடிப்பவனிடம் ஒப்படைக்கப்பட்டது.’ அதற்குப் பிறகு வெகுகாலம் வெற்றுத் தாள்கள்தான்.

சாமுவேலின் அறைக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய, வத்தலான மனிதர். கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார். நான் மேலே பார்த்து எண்ணினேன். ஒரு கொக்கியில் கொசுவலை. ஒன்றில் வெங்காயக் கொத்து. ஒன்றில் குடை. ஒன்றில் மனைவியின் படம். இரண்டு சும்மா இருந்தன. ஆறு.

“ஏழாவது ஒண்ணு இருக்கணுமே?”

“அது உத்தரத்து ஓரத்துல தொங்குத காலண்டருக்குப் பொறத்தால இருக்கு அண்ணாச்சி. தலையில இடிக்குன்னு எங்கப்பா வளைச்சு விட்டுட்டாங்க.”

காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. கேப்டனுக்கு வளைவு எழுப்ப அவர்கள் இடிக்கப்போவது, கோவிலுக்கு முன்பிருந்த கோவிலை.

“வெள்ளைக்காரன் போனப்புறம் ஐயரும் கெடையாது, ஆராதனையும் கெடையாது,” என்றார் சாமுவேல். “ஆனா ஞாயித்துக்கெழம மணி மட்டும் நிக்கல. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் அடிச்சாரு. சாவிய அவர் கைலதான் குடுத்துட்டுப் போனாங்க.”

“எழுத்துல ஏதாவது இருக்குங்களா?”

“எழுதத் தெரிஞ்சவங்கதான் கப்பல் ஏறிட்டாங்களே.”

அன்று மாலை துறைமுகச் சாலையில் ஒரு கடையிலிருந்து தண்டபாணிக்குப் போன் செய்தேன்.

“யார் பார்த்தது?”

“கொக்கியை நான் பார்த்தேன் சார். எண்ணினேன். பதிவேட்டுலயும் படிச்சேன்.”

“கேப்டன்?”

“சேவல்கட்டு படிச்சேன். புயல் கேட்டதுதான்.”

“சொன்னது யாரு?”

“சட்டை.”

போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. அவர் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

“சட்டைக்கு வாய் கிடையாது. புயலை எடுத்துரு. சாவி?”

“ஒப்படைச்சது படிச்சது சார். வாங்கினவர் பேர் அதுல இல்ல. தங்களோட முன்னோர்னு இந்தப் பெரியவர் சொல்றார்.”

“வேற குடும்பம் எதுவும் மணியடிச்சிருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“அப்ப?”

“என்கிறார்கள்.”

“போடு,” என்று வைத்துவிட்டார்.

அப்படியே எழுதினேன். சிறப்பிதழ் வந்த காலையில் செல்வின் போன் செய்தார். “சார், கேப்டனைக் கோழிச்சண்டைக்காரரு ஆக்கிட்டீங்களே! சட்டையெல்லாம் தைச்சு பண்டல் போட்டாச்சு சார்!” மூர்த்தி வேறு மாதிரி வருத்தப்பட்டார். “சேவக்கட்டுன்னு முன்னாலயே சொல்லியிருந்தா, கைல ஒரு சேவலையும் குடுத்து அடிச்சிருக்கலாமுங்க. நம்ம பக்கம் நல்லாப் போயிருக்குமுங்க.” விழாவுக்கு எல்லோரும் அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள். கேப்டன் முதுகில் இருந்ததால் போட்டவர்களுக்குத் தொந்தரவில்லை.

வளைவுத் திட்டம் கைவிடப்பட்டது. எஸ்தர் போனில் அழுதார். “எங்கப்பா பேப்பர மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்காங்க சார்” என்றார். என் முப்பத்துச் சொச்சம் வருடத்தில் நான் எழுதியதால் ஒரு சுவர் இடியாமல் நின்றது அந்த ஒரு முறைதான். இரண்டு மாதம் அந்த நினைப்பில் நெஞ்சு நிமிர்த்தித்தான் நடந்தேன்.

பிறகு எஸ்தர் மறுபடி போன் செய்தார். இந்த முறை அழவில்லை. கமிட்டி கூடி, அந்த அறை புராதனமான முதல் ஜெப அறை என்பதால் அதில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. சாமுவேலுக்கு ஒரு மாத அவகாசம்.

கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டேன்.

“எல்லாம் உங்க புண்ணியம் சார்,” என்றார் சந்தோஷமாக. “நீங்க எழுதாட்டி இடிச்சுத் தள்ளியிருப்போம். உள்ள அடுப்பு எரிக்காரு, புகை சுவரக் கெடுத்துரும் பாருங்க.”

“அந்தக் குடும்பம்தானே சாவி வாங்கி வச்சிருந்த குடும்பம்? அவங்க இருக்கிறதும் வரலாறுதானே?”

தாள் புரளும் சத்தம் கேட்டது. என் கட்டுரையை எடுத்து வைத்திருக்கிறார்.

“‘தங்கள் முன்னோரிடம்தான் சாவி கொடுக்கப்பட்டது என்கிறார்கள்’னு போட்டிருக்கீங்க. என்கிறார்கள்தான சார்? ரூமுக்கு ஆதாரம் இருக்கு. ஆளுக்கு இல்லையே.”

போனை வைத்தேன். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். சாமுவேலின் முன்னோர் மூன்றாவது கட்டத்தில் இருந்தார். தண்டபாணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“கட்டம் சரியாத்தானே இருக்கு?” என்றார்.

“சரியாத்தான் சார் இருக்கு.”

வழக்கமாக அந்த இடத்தில் வைத்துவிடுவார். அன்று மூன்றாவது கட்டத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அவகாசம் முடிந்த பின் ஒரு விடுமுறை நாளில் அருள்புரம் போனேன். எஸ்தர் இருந்தது லைன் வீடு. ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். எஸ்தர், கணவர், இரண்டு பிள்ளைகள். சாமுவேல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஒடிசாப் பையன்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் இந்தியில் பதில் சொன்னார்கள். இரு தரப்புக்கும் அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பார்த்து எழுந்தார். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க அண்ணாச்சி. நீங்க எழுதினத எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என் பேரு வந்திருக்கு, எங்க பாட்டனாரு வந்திருக்காரு, கேப்டனோட சேவல் வரைக்கும் வந்திருக்கு. என் கட்டில எங்க கொண்டுபோய்ப் போடணும்னுதான் எழுதாம விட்டுட்டீங்க.”

“அப்பா!” என்று உள்ளேயிருந்து எஸ்தர் சத்தம் போட்டார்.

“சும்மாதான் சொல்லுதேன். அவருக்கே தெரியும்.”

எஸ்தர் டீ கொண்டு வந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது: கோவிலில் மணியடிக்க மின்சார மோட்டார் வைத்துவிட்டார்கள், கோயில்குட்டி வேலைக்கு இனி ஆள் எடுப்பதில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த அறைக்கு இப்போது வெள்ளையடித்துக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் திறந்திருக்கும்.